செம்பும் அலுமினியமும் ஒரே நீரில்

கணினியை நீரால் குளிரவைப்பது பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக வெப்பத்தில் தொடங்குவார்கள். எத்தனை வாட், எத்தனை டிகிரி, எந்த விசிறி என்று பேச்சு போகும். நான் உலோகத்தில் தொடங்குகிறேன். சிபியுவின் தலையில் ஒரு வாட்டர் பிளாக் உட்கார்ந்திருக்கிறது. அதன் அடித்தட்டு செம்பு. அங்கே சூடேறிய நீரை பம்ப் டியூப் வழியாக ரேடியேட்டருக்குத் தள்ளுகிறது. அந்த ரேடியேட்டர் செம்பும் பித்தளையும் சேர்ந்ததாக இருக்கலாம், அலுமினியமாகவும் இருக்கலாம். கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டால் இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் செம்புப் பிளாக்கும் அலுமினிய ரேடியேட்டரும் காப்பு மருந்து எதுவும் கலக்காத ஒரே நீரைப் பகிர்ந்துகொண்டால், நாளடைவில் பிளாக்கின் நுண்ணிய இடுக்குகளில் வெள்ளைக் களி போன்ற ஒன்று படியத் தொடங்கும். வெளியிலிருந்து வந்த அழுக்கு அல்ல அது. ரேடியேட்டரின் உலோகமே கரைந்து, அலுமினியம் ஹைட்ராக்சைடாக உருமாறி, அங்கே வந்து தங்கியிருக்கிறது. இதைத்தான் கால்வானிக் அரிப்பு என்கிறோம். இந்த அரிப்பை நீரைக் கொண்டும் மருந்தைக் கொண்டும் பூச்சைக் கொண்டும் தள்ளிப்போடலாம். உண்மையான தடுப்பு உலோகத்தைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் மட்டுமே நடக்கிறது என்பது என் வாதம். பிடிவாதமான கூற்றுதான். இதை மறுத்துச் சொல்லத்தக்கவை பல, அவற்றில் சில வலுவானவை. ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்ப்போம்.

சான்றுக்கு முதலில் ஒரு கப்பலிடம் போக வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் மரக்கப்பல்களுக்கு வெப்பமண்டலக் கடல்களில் பெரும் பகை கப்பற்புழு. அது அடிமரத்தைத் துளைத்துச் சல்லடையாக்கிவிடும். அதைத் தடுக்க 1761இல் பிரிட்டிஷ் கடற்படை அலார்ம் என்ற போர்க்கப்பலின் அடிப்பகுதி முழுவதையும் மெல்லிய செம்புத் தகட்டால் போர்த்தியது. மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய்த் திரும்பிய கப்பலை 1763இல் சோதித்தார்கள். புழுவும் பாசியும் அண்டவில்லை. அந்த வகையில் முழு வெற்றி. ஆனால் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் அரித்துக் குழைந்துபோயிருந்தன. சில ஆணிகள் மட்டும் நன்றாக இருந்தன. ஏன் என்று பார்த்தபோது, தகடுகளைச் சுற்றிவந்த பழுப்புக் காகிதம் அங்கங்கே அகற்றப்படாமல் செம்புக்கும் இரும்புக்கும் நடுவில் சிக்கியிருந்தது. காகிதம் இருந்த இடத்தில் ஆணி பிழைத்தது, கிழிந்த இடத்தில் அழிந்தது. கால்வானி தவளைக்கால் சோதனைகளை வெளியிட்டது 1791இல். வோல்டா தன் மின்னடுக்கை அறிவித்தது 1800இல். ஆக, இந்த அரிப்புக்குப் பெயர் கிடைப்பதற்கு ஒரு தலைமுறை முன்பே கப்பல் பட்டறைக்காரர்கள் அதன் காரணத்தைக் கிட்டத்தட்டத் தொட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு கடற்படை செய்ததுதான் நமக்கு முக்கியம். காகிதம் காப்பாற்றியது அல்லவா, அப்படியானால் நல்ல தடிமனான காகிதத்தை வைத்து, மேலே பூச்சும் பூசி, இரண்டு உலோகத்தையும் பிரித்து வைப்போம் என்று முடிவு செய்தார்கள். 1780ஐ ஒட்டிய ஆண்டுகளில் கப்பல் கப்பலாகச் செம்பு போர்த்தியது அந்த நம்பிக்கையில்தான். நம்பிக்கை நீடிக்கவில்லை. மரம் அசையும், தகடு உராயும், பூச்சு விரியும், கடல்நீர் எப்படியாவது உள்ளே போய்விடும். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இரும்பைக் கைவிட்டுச் செம்புக் கலவை ஆணிகளுக்கு மாறினார்கள். தடுப்பை மேம்படுத்தும் வழி முடிந்துபோனது. உலோகத்தை மாற்றும் வழி நிலைத்தது. நியூயார்க் துறைமுகத்தில் 1886இல் திறக்கப்பட்ட சுதந்திர தேவி சிலையிலும் இதே கதை. வெளியே செம்புத் தோல், உள்ளே இரும்புச் சட்டம். இரண்டும் தொடாமலிருக்க அரக்கில் தோய்த்த கல்நார் வைத்தார்கள். நாளாக ஆக அந்தத் தடுப்பு சிதைந்தது, இரும்புப் பட்டைகள் துருவேறி உப்பின. 1986இல் முடிந்த சீரமைப்பில் பட்டைகளைத் துருப்பிடிக்காத எஃகால் மாற்றி, நடுவில் டெஃப்லானும் வைத்தார்கள். நம் வீடுகளில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசியதும் ஒரு தடுப்புதான். அங்கே கவலை புளி செம்பைத் தொடக் கூடாது என்பது. வேதியியல் வேறு, பாடம் அதே. பூச்சு தேயும், மறுபடி பூச வேண்டும், பூசுகிறவர் தெருவுக்கு வருவது நின்றதும் பாத்திரம் பரணுக்குப் போனது.

இனி, உள்ளே நடப்பது என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். எந்த உலோகமும் நீரில் இருக்கும்போது கொஞ்சம் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாகக் கரையப் பார்க்கிறது. அந்த ஆசை உலோகத்துக்கு உலோகம் வேறுபடும். பாடப்புத்தக அட்டவணையில் அலுமினியத்தின் மின்னழுத்தம் −1.66 வோல்ட், செம்புக்கு +0.34 வோல்ட். இரண்டு வோல்ட் இடைவெளி என்பது மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். நடைமுறையில் அலுமினியத்தின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஓர் ஆக்சைடு படலம் தானாகவே உருவாகி அதைக் காக்கிறது. அதனால் கடல்நீரில் அளந்தால் இடைவெளி ஏறத்தாழ அரை வோல்ட்தான். அந்த அரை வோல்ட்டே போதும். இரண்டு உலோகமும் நீரால் இணைந்து, வேறொரு பக்கம் உலோகப் பாதையாலும் இணைந்தால், அலுமினியம் எலக்ட்ரானைக் கொடுத்துக் கரையும். செம்பு அதை வாங்கி நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனுக்குக் கொடுக்கும். செம்புக்கு ஒரு கேடும் வராது. வோல்டா துத்தநாகத்தையும் வெள்ளியையும் உப்புநீரில் நனைத்த அட்டையையும் அடுக்கிச் செய்தது இதைத்தான். அவர் மின்சாரம் வேண்டிச் செய்தார். நாம் வேண்டாமலே அதைக் கணினிக்குள் கட்டி வைக்கிறோம்.

அப்படியானால் கலக்கவே வேண்டாமே, யார் கலக்கச் சொன்னது என்று கேட்கலாம். கலப்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது, அதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். செம்பின் வெப்பக் கடத்தல் மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 400 வாட், அலுமினியத்துக்கு 237. விரல்நகம் அளவு சிலிக்கானிலிருந்து நூற்றுக்கணக்கான வாட் வெப்பத்தை உறிஞ்ச வேண்டிய பிளாக்கில் இந்த வேறுபாடு நேரடியாகத் தெரியும். ரேடியேட்டரில் அப்படித் தெரியாது. அங்கே இடைஞ்சல் உலோகமல்ல, காற்று. துடுப்புத் தகடுகளிலிருந்து காற்றுக்கு வெப்பம் இறங்கும் வேகம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. செம்பால் செய்தாலும் அலுமினியத்தால் செய்தாலும் பெரிய வித்தியாசம் வராது. கன சென்டிமீட்டருக்குச் செம்பு 8.96 கிராம், அலுமினியம் 2.70 கிராம், விலையிலும் செம்பு பல மடங்கு. எனவே வெப்பத்தை மட்டும் பார்க்கும் பொறியாளர் பிளாக்கைச் செம்பிலும் ரேடியேட்டரை அலுமினியத்திலும் செய்வதுதான் அறிவுடைமை என்பார். அவர் கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் காலம் இல்லை. முதல் நாள் கணினி எத்தனை டிகிரியில் ஓடும் என்பதற்கு அது சரியான விடை. மூன்றாம் ஆண்டு எப்படி இருக்கும் என்ற கேள்வியை அது கேட்கவே இல்லை.

முதல் மறுப்பு, டியூப் பற்றியது. பிளாக்குக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் ரப்பரோ பிளாஸ்டிக்கோதான் இருக்கிறது, உலோகப் பாதை எங்கே என்று கேட்பார்கள். ரேடியேட்டரைத் திருகி இறுக்கியிருப்பது இரும்புக் கேபினட்டில். மதர்போர்டின் கிரவுண்டும் தாங்கு திருகுகள் வழியாக அதே கேபினட்டில் சேர்கிறது. பிளாக்கின் இறுக்கு திருகுகள் பல சமயம் அந்தக் கிரவுண்டைத் தொடுகின்றன. கம்பி போடாமலே கம்பி வந்துவிடுகிறது. இருந்தாலும் மறுப்பவர் விடமாட்டார்: சரி, பாதை இருக்கட்டும், நீர்ப்பக்கம் எதிர்ப்பு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள் என்பார். போடுவோம். ஓரளவு சுத்தமான நீர், கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 100 மைக்ரோசீமென்ஸ் என்று வையுங்கள். பத்து மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள அரை மீட்டர் டியூப். அதன் எதிர்ப்பு ஆறு லட்சம் ஓமுக்கு மேல் வருகிறது. அரை வோல்ட்டை அதில் செலுத்தினால் ஓடும் மின்னோட்டம் ஒரு மைக்ரோ ஆம்பியருக்கும் குறைவு. மிகச் சிறியதுதான். பரந்த ரேடியேட்டர் முழுவதிலும் பரவினால் ஓர் ஆண்டுக்குச் சில மில்லிகிராம் அலுமினியம்தான் கரையும். இந்த இடத்தில் மறுப்பவர் வென்றுவிட்டதாகவே தோன்றும். பிளாக்கிலிருந்து ரேடியேட்டர் வரை நேரடியாக ஓடும் மின்னோட்டம்தான் குற்றவாளி என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது குற்றவாளியின் சிறு கூட்டாளி மட்டுமே.

உண்மையான கேடு வேறு வழியில் வருகிறது, அதற்குக் கம்பியே தேவையில்லை. செம்பு நீரில் முற்றிலும் கரையாதது அல்ல. ஆக்சிஜனும் லேசான அமிலத்தன்மையும் உள்ள நீரில் அது மிகச் சிறிதளவு அயனியாகக் கரைந்துகொண்டே இருக்கிறது. அந்த அயனிகள் நீரோடு சுற்றி வந்து அலுமினியச் சுவரைத் தொடுகின்றன. ஆக்சைடு படலத்தில் எங்காவது ஒரு விரிசல், ஒரு கீறல், கலவையில் ஒரு மாசுத்துகள் இருந்தால் போதும். அலுமினியம் எலக்ட்ரானைக் கொடுத்துக் கரைய, செம்பு அயனி அதை வாங்கிக்கொண்டு அந்த இடத்திலேயே உலோகச் செம்பாகப் படிந்துவிடும். இரும்பு ஆணியை மயில்துத்தக் கரைசலில் போட்டால் செந்நிறமாவதைப் பள்ளி ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்கள், அதே வினைதான். இப்போது ரேடியேட்டரின் சுவர்மேலேயே ஒரு செம்புப் புள்ளி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கும் பக்கத்து அலுமினியத்துக்கும் தூரம் மைக்ரான் கணக்கில். அரை மீட்டர் டியூபின் எதிர்ப்பைப் பற்றிய கணக்கு முழுதும் இங்கே பொருளற்றுப்போகிறது. ஒவ்வொரு புள்ளியும் தனக்கென ஒரு சிறு மின்கலம். லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் மிகக் குறைவான செம்பே இதைத் தொடங்கப் போதுமானது. அரிப்பியல் நூல்கள் பெரிய அலுமினியப் பரப்பும் சிறிய செம்புப் பரப்பும் இருந்தால் ஆபத்து குறைவு என்று ஒரு விதி சொல்லும். அந்த விதி உண்மை. ஆனால் செம்பு தன் இருக்கையை விட்டு எழுந்து அலுமினியத்தின் வீட்டுக்குள் குடிபோகும்போது அந்த விதி நம்மைக் காப்பாற்றாது.

அளவு சிறியது என்பது ஆறுதலாகாது என்பதை ஃபாரடேயின் விதி காட்டும். ரேடியேட்டர் குழாயின் சுவர் 0.3 மில்லிமீட்டர் என்று கொள்வோம். ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பில் அதைத் துளைக்கக் கரைய வேண்டிய அலுமினியம் 0.81 மில்லிகிராம். ஓர் அணுவுக்கு மூன்று எலக்ட்ரான் வீதம் கணக்கிட்டால் சுமார் 8.7 கூலோம் மின்னூட்டம். ஒரே ஒரு மைக்ரோ ஆம்பியர் அந்த இடத்தில் குவிந்து நின்றால் 100 நாளில் ஓட்டை விழும். இது எண்கணக்குதான், முன்கணிப்பு அல்ல. நிஜத்தில் மின்னோட்டம் பல குழிகளுக்குப் பிரிந்து போகும், சில குழிகள் தானே அடங்கிவிடும். ஆனாலும் ஒன்று தெளிவாகிறது. அலுமினியம் சீராகத் தேய்வதில்லை, குழி விழுந்து துளைபடுகிறது. அதனால் எத்தனை கிராம் கரைந்தது என்பது சரியான கேள்வியே அல்ல, எங்கே கரைந்தது என்பதுதான் கேள்வி. துளை விழாமல் போனாலும் கரைந்த அலுமினியம் சும்மா இருப்பதில்லை. பிளாக்கின் உள்ளே செம்புத் துடுப்புகளுக்கு நடுவில் உள்ள வழிகள் ஒரு மில்லிமீட்டரின் சில பத்திலொரு பங்கு அகலமே. அந்த வெள்ளைக் களி அங்கே சேர்ந்தால் நீரோட்டம் குறைகிறது, சிப் சூடாகிறது. நோய் ரேடியேட்டரில், வலி சிபியுவில்.

இரண்டாவது மறுப்பு எல்லோரும் சொல்வது: டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றினால் போதாதா? மிகத் தூய நீரின் கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 0.055 மைக்ரோசீமென்ஸ். அது கிட்டத்தட்ட மின்காப்புப் பொருள். ஆனால் அந்தத் தூய்மை பாட்டிலைத் திறந்தவுடன் கலையத் தொடங்குகிறது. காற்றின் கார்பன் டை ஆக்சைடு கரைந்து பி.எச். மதிப்பு 5.6 பக்கம் இறங்குகிறது. அந்த லேசான அமிலம் செம்பைக் கரைப்பதற்கு உதவி. புது ரேடியேட்டரில் மிச்சமிருக்கும் பற்றவைப்புப் பசையின் குளோரைடு கரைகிறது. உலோகங்களே தங்கள் அயனிகளைச் சேர்க்கின்றன. தூய நீர் என்பது ஊற்றும் நிமிடத்தில் உள்ள ஒரு நிலை. சுற்றில் ஓடும் நீர் நாளுக்கு நாள் வேறு நீர். இருந்தாலும் குழாய்நீரோடு ஒப்பிட்டால் அது எவ்வளவோ மேல் என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்தியத் தர நிறுவனத்தின் குடிநீர் விதி ஐ.எஸ். 10500 குளோரைடை லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை ஏற்கிறது, வேறு நீர் கிடைக்காவிட்டால் 1000 வரை அனுமதிக்கிறது. மனித உடலுக்கு வகுத்த விதி அது. அலுமினியத்தின் ஆக்சைடு படலத்தைத் துளைப்பதில் குளோரைடுக்கு நிகர் இல்லை. கடலோர ஊர்களின் போர்வெல் தண்ணீரைக் குடித்துப் பழகியவர்கள், அது குடிக்கிற தண்ணீர்தானே என்று ரேடியேட்டரில் ஊற்றிவிடக் கூடாது. இன்வெர்ட்டருக்கு வாங்கும் பேட்டரி தண்ணீர் பரவாயில்லை; ஆனால் அது அரிப்பின் தொடக்கத்தைத் தாமதிக்கும் பொருள், தடுக்கும் பொருள் அல்ல.

மூன்றாவது மறுப்புதான் எனக்கு மிக வலுவானதாகப் படுகிறது. கார்களில் இரும்பு, அலுமினியம், செம்பு, பித்தளை, ஈயப்பற்று எல்லாம் ஒரே கூலன்ட்டில் பல்லாண்டுகள் ஓடியிருக்கின்றன. கடையில் வாங்கும் மூடிய நீர்க்குளிர்விப்பான்களில் பலவற்றில் செம்புத் தட்டும் அலுமினிய ரேடியேட்டரும்தான் இருக்கின்றன, அவை ஐந்து ஆறு ஆண்டு உத்தரவாதத்தோடு விற்கின்றன. பிறகு எப்படிக் கலக்கக் கூடாது என்கிறீர்கள்? காரை எடுத்துக்கொள்வோம். கூலன்ட்டில் உள்ள காப்பு வேதிப்பொருள்கள் உண்மையிலேயே வேலை செய்கின்றன. பென்சோட்ரையசோல், டாலில்ட்ரையசோல் போன்றவை செம்பின் மேல் ஒரு மூலக்கூற்றுப் படலம் கட்டி அது கரையாமல் பார்த்துக்கொள்கின்றன. சிலிகேட்டும் கரிம அமில உப்புகளும் அலுமினியத்தைக் காக்கின்றன. செம்பு அயனி நீருக்குள் வருவதையே ட்ரையசோல் குறைக்கிறது என்பதால் அது சரியான இடத்தில் அடிக்கும் மருந்து. இவற்றைச் சோதிக்க ஏ.எஸ்.டி.எம். டி1384 என்றொரு முறை இருக்கிறது. செம்பு, ஈயப்பற்று, பித்தளை, எஃகு, வார்ப்பிரும்பு, அலுமினியம் ஆகிய ஆறு வில்லைகளைக் கண்ணாடிக் குவளையில், சல்பேட்டும் குளோரைடும் பைகார்பனேட்டும் வேண்டுமென்றே கலந்த நீரில், காற்றை ஊதிக்கொண்டு 88 டிகிரியில் 336 மணி நேரம் வைத்து, எவ்வளவு எடை குறைந்தது என்று பார்க்கிறார்கள். அந்தக் குவளைக்குள்ளே ஒரு நுணுக்கம் இருக்கிறது. செம்பு, ஈயப்பற்று, பித்தளை மூன்றும் ஒரு கூட்டம்; எஃகு, வார்ப்பிரும்பு, அலுமினியம் மூன்றும் இன்னொரு கூட்டம்; இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் மின்காப்பு வில்லை. கலப்பு உலோகங்களுக்காகவே எழுதிய சோதனைகூடச் செம்பையும் அலுமினியத்தையும் உலோகத் தொடர்பில் விடவில்லை.

அதோடு கார் உலகம் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று பாருங்கள். செம்பு-பித்தளை ரேடியேட்டர்களை விட்டு அலுமினியத்துக்குப் போனது, எஞ்சினும் அலுமினியமாகிவருகிறது. இன்றைய காரின் நீர்ப்பாதையில் செம்பு அருகிவிட்டது. எடையும் விலையும் அதற்கு முதல் காரணம் என்றாலும், கலப்பு தீர்ந்தது அதன் பலன். காரின் எஞ்சின் சுவர் மில்லிமீட்டர்கள் தடிமன், நுண்வழித் துடுப்பும் அங்கே கிடையாது. கொஞ்சம் அரிப்பைத் தாங்கும் உடம்பு அது. கூலன்ட்டை இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்று என்று கையேடு கட்டளையிடுகிறது. மாற்றாவிட்டால் கூலன்ட்டில் உள்ள கிளைக்கால் மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து கிளைக்காலிக், ஃபார்மிக் அமிலங்களாகிறது, காப்பு மருந்தும் தீர்கிறது. மூடிய குளிர்விப்பான்களுக்கும் இதே விடை பொருந்தும். தயாரிப்பாளருக்கு ஒவ்வொரு உலோகத்தின் பரப்பும் தெரியும், உள்ளே இருக்கும் திரவம் அவர் தேர்ந்தது, காற்று குறைவாக நிரப்பி மூடிவிடுகிறார், ஆயுள் முடிந்ததும் முழுதாகத் தூக்கி எறிவோம் என்ற கணக்கில் செய்கிறார். அந்த உத்தரவாத ஆண்டுகள் ஒரு தவணை; தவணை இருப்பதே தள்ளிப்போடுதல் நடக்கிறது என்பதற்குச் சான்று. அப்படியும் சில மாதிரிகளில் தட்டின் இடுக்குகளில் படிவு சேர்ந்து ஓட்டம் அடைபடுவது அறியப்பட்ட பழுதுதான். தன் கையால் பாகம் பாகமாகச் சேர்த்து, திறந்து மூடி, நினைத்தபோது நீர் சேர்க்கும் ஒருவர் அந்தக் கட்டுப்பாட்டைத் தன் சுற்றில் கொண்டுவர முடியாது.

பூச்சு பற்றிய யோசனை நல்லெண்ணத்தில் வருவது, ஆனால் மிக ஆபத்தானது. அலுமினியத்தை அனோடைஸ் செய்துவிட்டால், அல்லது உள்ளே லேக்கர் ஓட்டிவிட்டால் பிரச்சினை தீராதா என்கிறார்கள். அனோடைஸ் படலம் சில மைக்ரான் முதல் 25 மைக்ரான் வரை இருக்கும். சமதளத்தில் நன்றாகவே காக்கும். ஃபிட்டிங்கைத் திருகும் மரையில் அது கீறுபடாமல் இருக்காது. கீறிய அந்தக் கோடு மட்டும் இப்போது திறந்த அலுமினியம். சுற்றிலுள்ள செம்புப் பரப்பின் முழுப் பசியும் அந்தக் கோட்டின் மேல் விழுகிறது. பூசாமல் விட்டிருந்தால் பரவலாக மெல்ல அரித்திருக்கும். பூசியதால் ஒரே இடத்தில் ஆழமாக அரிக்கிறது. பூசித்தான் ஆக வேண்டும் என்றால் கரையும் உலோகத்தின் மேல் அல்ல, செம்பின் மேல் பூச வேண்டும் என்பது அரிப்புப் பொறியியலின் பழைய பாடம். பல பிளாக்குகளில் செம்பின் மேல் நிக்கல் பூசியிருக்கிறதே என்றால், நிக்கலும் அலுமினியத்தைவிட உயர்குடி உலோகம்தான். ஆளை மாற்றினோம், வழக்கை மாற்றவில்லை. துத்தநாகத் துண்டைப் பலியாகக் கொடுக்கலாம் என்ற யோசனைக்கும் கப்பலே விடை. வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி 1824இல் கப்பலின் செம்பைக் காக்கத் துத்தநாகமும் இரும்பும் பொருத்திப் பார்த்தார். செம்பு கரைவது நின்றது. கூடவே, கரையும் செம்பின் நஞ்சும் நின்றதால் சிப்பியும் பாசியும் அடியில் அடர்ந்து, கப்பலின் வேகம் குறைந்தது. கடற்படை அதைக் கைவிட்டது. கடல்நீரில் நன்றாக எட்டும் துத்தநாகத்தின் காப்பு, கடத்துதிறன் குறைந்த கணினிச் சுற்றில் சில சென்டிமீட்டர் தாண்டாது. அதன் கழிவோ நுண்வழிகளுக்கு இன்னொரு அடைப்பு.

ஆக, எதை வாங்குவது என்பதில்தான் தடுப்பு இருக்கிறது. செம்பு, பித்தளை, நிக்கல் பூச்சு இவை மூன்றும் மின்னழுத்த வரிசையில் நெருங்கிய உறவினர்கள், ஒன்றாக இருக்கலாம். அல்லது முழுக்க அலுமினியமாக இருக்கலாம். 2017இல் ஸ்லோவேனியாவின் ஈகே நிறுவனம் பிளாக்கும் ரேடியேட்டரும் அலுமினியத்தாலேயே ஆன தொகுப்பைச் செம்போடு கலக்காதீர்கள் என்ற எச்சரிக்கையோடு விற்றது; அந்த வழியும் நியாயமானதே. என் வாதம் அலுமினியத்துக்கு எதிரானது அல்ல, கலப்புக்கு எதிரானது. கவனம் தப்புவது பெரிய பாகங்களில் அல்ல, சின்னப் பாகங்களில். எல்லாம் செம்பும் பித்தளையுமாக வாங்கிவிட்டு, நீர்த்தொட்டியின் மூடியோ அலங்கார ஃபிட்டிங்கோ ஒன்று அலுமினியமாக வந்து சேர்ந்தால், அதுதான் மிக மோசமான நிலை: பெரிய செம்புப் பரப்புக்கு எதிரே சின்னஞ்சிறு அலுமினியம். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும் கையில் தூக்கிப் பாருங்கள். பித்தளை கனக்கும், அலுமினியம் காற்றுபோல இருக்கும். ரேடியேட்டரின் போர்ட்டுக்குள் டார்ச் அடித்து மரையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் பித்தளை, வெள்ளை என்றால் சந்தேகம். பாசி வராமலிருக்க ஊற்றும் சொட்டுமருந்துகள் சிலவற்றில் காப்பர் சல்பேட் இருக்கிறது. முழு அலுமினியச் சுற்றில் அதை ஊற்றுவது, கலக்காத உலோகத்தைப் பாட்டிலிலிருந்து கலப்பது. பாசிக்காக வெள்ளிச் சுருளைப் போடுவதையும், நிக்கல் பூசிய பிளாக் இருந்தால், தவிர்ப்பதே நல்லது. வெள்ளி செம்பையும்விட உயர்குடி.

இவ்வளவு சொன்ன பிறகு கூலன்ட் வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே குடும்ப உலோகங்களுக்குள்ளும் சிறு வேறுபாடுகள் உண்டு. ஈயப்பற்று இருக்கிறது, பித்தளையிலிருந்து துத்தநாகம் மட்டும் கழன்றுபோகும் நோய் இருக்கிறது. காப்பு மருந்து கலந்த கூலன்ட்டை ஊற்றி, தயாரிப்பாளர் சொன்ன காலத்தில் மாற்ற வேண்டும். அலுமினியத்தின் படலம் பி.எச். 4க்கும் 8.5க்கும் இடையில்தான் நிலையாக இருக்கும். செம்போ சற்றுக் காரத்தன்மையான நீரை விரும்பும். உலோகம் ஒன்றாக இருந்தால் கூலன்ட்டை அதற்கென்றே அமைக்கலாம், இரண்டாக இருந்தால் திரவம் இரண்டு எசமானருக்கு ஊழியம் செய்ய வேண்டியிருக்கும். இது வீட்டுக் கணினியோடு நிற்கும் பேச்சும் அல்ல. என்விடியா 2024இல் அறிவித்த என்விஎல்72 போன்ற ஒரு சர்வர் அடுக்கு மட்டும் சுமார் 120 கிலோவாட் எடுக்கிறது. காற்றால் அதைக் குளிர்விக்க முடியாது. 25 சதவீதப் புரொப்பிலீன் கிளைக்கால் கலந்த நீர் செம்புத் தட்டுகளுக்குள் ஓடுகிறது. அந்தத் துறையில் நீர் தொடும் உலோகங்களின் பட்டியலை முதலில் எழுதி, அதில் இல்லாதது உள்ளே வரக் கூடாது என்று கட்டுகிறார்கள். கோடிக்கணக்கான பணம் நிற்கும் இடத்தில் செய்கிற அந்தப் பட்டியலை, ஐந்து பாகம் வாங்குகிற ஒருவர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிவிடலாம்.

ஏற்கெனவே கலந்துவிட்டவர்கள் என்ன செய்வது என்பது மிச்சமிருக்கிறது. நீர் தெளிவாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்க வேண்டாம். களி தெரியும்போது குழி வெகுதூரம் போயிருக்கும். சுற்றை வடித்துவிட்டு, செம்புப் பிளாக்கைத் திறந்து, துடுப்புகளை மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, வினிகர் கலந்த நீரில் அலசி, பிறகு டிஸ்டில்ட் வாட்டரில் பலமுறை கழுவினால் அது பிழைத்துக்கொள்ளும். செம்பு இழந்தது மிகக் கொஞ்சம். டியூபைப் புதிதாக மாற்றுங்கள். மாற்ற வேண்டியது ரேடியேட்டர். நன்றாக இருக்கும் அலுமினிய ரேடியேட்டரை வீணாக்குவானேன், முழு அலுமினியச் சுற்று ஒன்றில் அதைப் பொருத்திக்கொள்ளலாமே என்று தோன்றும். கூடாது. அதன் உட்சுவரில் செம்புப் புள்ளிகள் ஏற்கெனவே குடியேறிவிட்டன. சுற்றில் வேறெங்கும் செம்பு இல்லாவிட்டாலும் அவை தங்கள் வேலையைத் தொடரும். அதை எடைக்குப் போட்டுவிட வேண்டியதுதான்.